14:1 இன்ஜினுக்குச் சாதாரண பெட்ரோல் போதுமா?

பெங்களூரில் புதுக் கார் வாங்கும் நண்பர்கள் பலரும், விவரப் பட்டியலில் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், மேலே இருக்கும்போது மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்) 12 என்றோ 14 என்றோ கண்டதும், பங்க்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோல் இதற்கு ஒத்துவருமா, இல்லை ஒவ்வொரு முறையும் விலை கூடிய 100 ஆக்டேன் பெட்ரோலைத்தான் தேடிப் போக வேண்டுமா என்று கேட்கிறார்கள். ஆக்டேன் எண் கூடக் கூட, இறுக்கினாலும் பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும். நம் ஊருக்குப் பக்கத்திலேயே பிடதியில் தயாராகும் டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் காரின் 1.5 லிட்டர் இன்ஜினுக்கு விகிதம் 14:1. அது சாதாரண பெட்ரோலில்தான் ஓடுகிறது. அப்படி ஓடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது.

கலவையை எவ்வளவு இறுக்கி எரிக்கிறோமோ அவ்வளவு வேலை அதே எரிபொருளிலிருந்து கிடைக்கும். ஏட்டுக் கணக்கின்படி விகிதம் 9இலிருந்து 12 ஆனால் செயல்திறன் 58 விழுக்காட்டிலிருந்து 63 ஆக உயரும். உண்மை இன்ஜின் அந்த எண்களை எட்டாது என்றாலும் லாபத்தின் திசை அதுதான். ஆனால் இறுக்க இறுக்கச் சூடும் ஏறும். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவிவருவதற்குள், மூலையில் காத்திருக்கும் மிச்சக் கலவை தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். சில்லறைக் காசைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் வரும். மதில் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டு, குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பார்த்தால் தெளிவாகக் கேட்கும்.

14:1 இன்ஜின் தப்பிப்பது எப்படி என்றால், அந்த 14 முழுவதும் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளி விரிவதற்குத்தான், கலவையை இறுக்குவதற்கு அல்ல. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு திரும்ப வெளியேறிவிடுகிறது. உண்மையில் இறுக்கப்படுவது மீதியிருப்பது மட்டுமே. எனவே எழுதியிருக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஆக்டேனைத் தீர்மானிப்பது சரியல்ல. இதற்கும் மேல், இன்ஜின் பிளாக்கில் பொருத்திய நாக் சென்சார் அதிர்வை உணர்ந்ததும் கணினி ஸ்பார்க் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, இன்ஜின் சுழற்சிக் கணக்கில் சில டிகிரி பின்னுக்குத் தள்ளிவிடும். காரின் ஓபிடி முனையில் (இன்ஜின் கணினியின் தகவலைப் படிக்கும் கருவியை இணைக்கும் இடம்) ஸ்கேனரைச் செருகி மேம்பாலம் ஏறினால், காதுக்கு ஒன்றும் கேட்காமலே டைமிங் எண் இறங்குவதைத் திரையில் காணலாம். இன்ஜின் காப்பாற்றப்படுகிறது, அதற்கு விலையாகப் பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் போகின்றன.

பெங்களூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்குள் அந்த அளவு குறைவான காற்றே போகிறது, நாக்கிங்கும் குறைகிறது. இதே வண்டியில் குடும்பத்தோடு, ஏசி போட்டு, மே மாத மதியத்தில் கிருஷ்ணகிரி இறங்கி ஆம்பூர், வேலூர் என்று போனால், அடர்த்தியும் கூடிச் சூடும் கூடிய காற்று உள்ளே போகும். இங்கே ஒரு நாளும் கேட்காத சத்தம் அங்கே கேட்பது அதனால்தான். ஊருக்குப் போகும் வழியில் நிரப்பிய பங்க்கைச் சந்தேகிக்கும் முன் கியரை ஒரு படி இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சத்தம் நின்றுவிடும்.

அமெரிக்கர்கள் எழுதுவதைப் படித்துக் குழம்புகிறவர்களும் உண்டு. அவர்களுடைய 87 ஆக்டேன், நம் 91க்குக் கிட்டத்தட்டச் சமம்; அளக்கும் முறைதான் வேறு. தவிர, 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கிவைக்கப்பட்ட இ20 கலவை (20 விழுக்காடு எத்தனால் சேர்த்த பெட்ரோல்) இப்போது எங்கும் வந்துவிட்டதால், சாதாரண பம்ப்பிலேயே ஆக்டேன் 95ஐ ஒட்டி வந்துவிட்டது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிர்விப்பதால், உயர் கம்ப்ரஷன் இன்ஜினுக்கு அது உண்மையிலேயே நல்லது. லிட்டருக்கு ஆற்றல் ஆறேழு விழுக்காடு குறைவு என்ற குறையும் இருக்கத்தான் செய்கிறது. கையேடு 91 போதும் என்று சொல்லும் காருக்கு 100 ஆக்டேன் ஊற்றுவது, என் கருத்தில், வீண் செலவு.

பழைய கார்புரேட்டர் வண்டிகளின் கதை வேறு. ஜே.சி. ரோட்டில் உதிரி பாகம் வாங்கி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷனை ஏற்றும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. சிலிண்டர் ஒன்றுக்கு 250 சிசி உள்ள இன்ஜினில், எரி அறை 3 சிசி சுருங்கினாலே 9 என்ற விகிதம் 9.8ஐத் தாண்டிவிடும். அங்கே நாக் சென்சாரும் இல்லை, டைமிங்கைப் பின்னிழுக்கக் கணினியும் இல்லை. இ20 ஊற்றினால் ஆக்டேன் கூடும் என்று நம்பியும் இருக்க முடியாது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட்டின் அளவு மாறாததால் கலவை மெலிந்து, எரி அறையின் சூடு ஏறலாம். அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் ஜெட்டைச் சரிபார்த்து, டைமிங்கை இரண்டு டிகிரி குறைத்து வைத்து, ஒரு நீண்ட ஏற்றத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றி, அதன் வெள்ளைப் பீங்கானை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். மிளகுத்தூள் அளவில் கரும்புள்ளிகளோ மினுங்கும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால் பிஸ்டன் அரிபடத் தொடங்கிவிட்டது என்று பொருள். டைமிங்கை மேலும் குறைத்தோ, தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டு விகிதத்தை இறக்கியோ சரிசெய்யும்வரை அந்த வண்டியை ஏற்றத்தில் ஓட்டக் கூடாது.