பசிக்காத கோப்பி

தீபாவளி நெருங்குதுன்னா எங்க பார்மசி கவுண்டர்ல (கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம்தான்) இந்த விசாரிப்பு ஆரம்பிச்சிடும். தம்பி, ஸ்லிம்மிங் கோப்பி இருக்கா, லைவ்ல விக்கிறாங்களே, குடிச்சா பசியே எடுக்காதாமே? இல்லக்கா நாங்க வைக்கிறதில்லன்னா, சரி ஆன்லைன்ல பாத்துக்கறேன்னு கெளம்பிடுவாங்க. பின்னாடி லைன் நிக்குது, அவங்கள நிறுத்தி வச்சு பேச முடியாது, அதான் இங்க எழுதறேன்.

வெறும் கோப்பித்தூளும் கொஞ்சம் மூலிகையும் ஒரு ஆளுக்கு நாள் பூரா பசியை அடக்காதுங்க. பசி சுத்தமா போச்சு, வாய் காயுது, ராத்திரி தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது, மலச்சிக்கல் வேறன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு மொதல்ல வர்ற சந்தேகம், அதுல சிபுட்ராமின் கலந்திருக்குமோன்னுதான். முன்ன ரிடக்டில்ங்கற பேர்ல டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துதான் அது. மூளையில உள்ள நோரட்ரினலின், செரட்டோனின்ங்கற ரெண்டு ரசாயனத்தையும் நரம்பு திரும்ப உறிஞ்சவிடாம தடுக்கும், அதனால வயிறு நெறைஞ்ச மாதிரி தோணும், ஆனா அதே நோரட்ரினலின்தான் பிரஷரையும் நாடித்துடிப்பையும் ஏத்தறது, அதனால பசிய மட்டும் கொறச்சுட்டு இதயத்த தொடாம விடுற வழி அந்த மருந்துக்கு கெடையாது.

இந்த மருந்த வச்சு ஸ்கவுட்னு ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு, கிட்டத்தட்ட 10,000 பேர், பெரும்பாலும் இதய நோயோ இனிப்புநீரோ இருந்தவங்க. ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி ஏதாவது வந்தது மருந்து சாப்பிட்டவங்கள்ல 11.4 சதவீதம், சாப்பிடாதவங்கள்ல 10. 2010ல ஐரோப்பா, அமெரிக்கா ரெண்டு இடத்துலயும் சந்தையவிட்டு எடுத்துட்டாங்க. இவ்ளோதானா வித்தியாசம்னு கேப்பீங்க, ஆனா அவங்க எல்லாம் டோஸ் தெரிஞ்சு, டாக்டர் பிரஷர் பாத்துட்டே இருக்கறப்ப சாப்பிட்டவங்க. கோப்பி பாக்கெட்ல எவ்ளோ கொட்டியிருக்காங்கன்னு விக்கிறவருக்கே தெரியாது. நம்ம நாட்டுலயும் அமலாக்கத்துறை ஸ்லிம்மிங் கோப்பியில இத கண்டுபிடிச்சு எச்சரிக்கை விட்டுக்கிட்டேதான் இருக்காங்க.

இது ஹெர்பல்தான், பக்கவிளைவு இல்லன்னு சொல்றவங்களுக்கு: எஃபெட்ராவும் செடிதான், சீன மருந்துக்கடையில மா ஹுவாங்னு சொல்றது, அதுல இருக்கறது எஃபெட்ரின், அதுவும் பிரஷர ஏத்தறதுதான். 2003ல ஸ்டீவ் பெக்லர்னு ஒரு அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர், வயசு 23தான், பயிற்சியில வெயில் தாக்கி செத்துப்போனாரு, அதுல எஃபெட்ரா மாத்திரைக்கும் பங்கு இருக்குன்னு பிரேதப் பரிசோதனை செஞ்சவர் சொன்னாரு. அடுத்த வருஷமே அங்க சப்ளிமென்ட்ல தடை. உடனே கம்பெனிங்க கசப்பு ஆரஞ்சுக்கு தாவினாங்க, அதுல சினெஃப்ரின் இருக்கு, எஃபெட்ரினோட சொந்தக்காரன். அப்புறம் டிஎம்ஏஏன்னு இன்னொரு ஊக்க ரசாயனம், லேபிள்ல ஜெரேனியம் சாறுன்னு அழகா பேர் வச்சு.

காஃபீனும் இப்படித்தான். லேபிள்ல குவாரானா, கிரீன் டீ, கோலா விதைன்னு மூணு பேர் இருக்கும், மூணுலயும் இருக்கறது காஃபீன். ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரைக்கும் பரவாயில்லன்னு சொல்றாங்க, ஆனா அதுல உங்க தே தாரிக்கும் (பால் டீ) சேத்திதான்.

எனக்கு ரொம்ப பயம் யாருக்குன்னா, ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு. நம்ம ஆளுங்கள்ல எத்தன பேருன்னு சொல்லவே வேணாம். மன அழுத்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு சிபுட்ராமின் சேந்தா செரட்டோனின் ஏகத்துக்கும் ஏறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம்னு உயிருக்கே ஆபத்தாகலாம். மூக்கடைப்பு மாத்திரையில உள்ள சூடோஎஃபெட்ரின்கூட பிரஷர ஏத்தறதுதான், அதுக்கு மேல இதையும் குடிச்சா எப்படி?

மால் நம்பர் (மருந்துப் பதிவு எண்) பாருங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், மாத்திரை, கேப்ஸ்யூல்னா அது இருக்கணும், என்பிஆர்ஏ (மலேசிய அரசோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) வெப்சைட்ல அந்த நம்பர தட்டினா அதே பேர், அதே கம்பெனி வரணும். கோப்பிக்கு இது உதவாது, ஏன்னா பிரிமிக்ஸ் கோப்பி உணவுக் கணக்குல போயிடும், உணவுக்கு மால் நம்பரே கெடையாது. அதனாலதான் பாதி பேர் கோப்பியா விக்கிறாங்கன்னு நான் நெனைக்கறேன். கேகேஎம் லுலுஸ் (சுகாதார அமைச்சு அனுமதிச்சது)னு போட்டிருந்தாலும் நம்பாதீங்க, அச்சடிக்க காசு ஒன்னும் பெருசில்ல.

ஏற்கனவே குடிச்சிட்டு படபடப்பு இருக்கவங்க நிறுத்திட்டு கிளினிக் போங்க, நெஞ்சு வலியோ மயக்கமோன்னா நேரா எமர்ஜென்சி. காலி பாக்கெட்டையும் எடுத்துட்டுப் போங்க, டாக்டர் திட்டினா திட்டட்டும். அப்புறம் அந்த பக்கவிளைவ என்பிஆர்ஏக்கு நாமளே நேரா ரிப்போர்ட் பண்ணலாம், பார்ம் அவங்க வெப்சைட்லயே இருக்கு.