ஈட்டிமரத்தின் துளைகள்

காலையில் மயிலாப்பூர் மொட்டைமாடி அறையில், நான் செய்துவரும் கிட்டாரின் ஈட்டிமரப் பின்பலகையைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஊசியால் கீறியவை போன்ற, மரத்துக்கே உரிய நுண்துளைகளில் பாதி இன்னும் மூடவில்லை.

பஞ்சை மல் துணியில் சுற்றிய பொதியில் சில சொட்டு ஸ்பிரிட்டும் சிட்டிகை நுரைக்கல் பொடியும் இட்டு வட்டமாகத் தேய்த்தால், பொடி மரத்தை நுண்ணிய தூளாக அராவி, முன்பே மெருகுக்காக ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிய அவலரக்கோடு (ஷெல்லாக்) குழைத்துத் துளைகளுக்குள் இறக்கிவிடும்.

மரம் தன் தூளாலேயே நிரம்புகிறது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சென்னையின் ஈரக்காற்றில் மட்டும் பொறுமை வேண்டும். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்வதால், காற்றின் ஈரம் படிந்து மெருகு வெளுத்துவிடும். நேற்று மழைக்குப் பின் ஓரம் அப்படித்தான் வெளுத்தது.

இன்று வெயில் ஏறியதும், ஸ்பிரிட் தொட்ட பொதியால் மெல்ல வருடினேன்; மூச்சுப் பட்ட கண்ணாடி தெளிவதுபோல, கருஞ்சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக மீண்டன.