முகட்டில் நிற்கும் வெக்கை

கனடாவில் இருக்கும் அண்ணா சென்ற தை மாதம் தொலைபேசியில் பேசியபோது, தன் வீட்டு முகட்டுக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சை நிரப்பிய பிறகு வீட்டைச் சூடாக்கும் செலவு குறைந்துவிட்டதாகச் சொல்லி, "பிள்ளை, நீயும் முதல் மேலைதான் பார்க்க வேணும்" என்றார். பனி கொட்டும் ஊரின் புத்திமதி கிளிநொச்சிக்கு எதற்கு என்று அப்போது சிரித்தேன். பங்குனி பிறந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

எங்களுடையது மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் கட்டிய வீட்டுத்திட்ட வீடு. சீமெந்துக்கல் சுவர், அஸ்பெஸ்டஸ் சீற் கூரை, சீலிங் கிடையாது. தறப்பாள் கொட்டிலில் இருந்து வந்தவர்களுக்கு அது மாளிகையாகத் தெரிந்தமையால், அதன் வெக்கையைக் குறைசொல்ல நெடுநாள் வாய் வரவில்லை. ஆனால் வன்னியில் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். அந்த நேரத்தில் சுவரில் படும் வெயில் சொற்பம். கூரைதான் முழுவதையும் வாங்கிக்கொள்கிறது.

ஒரு நாள் மதியம் கட்டிலில் படுத்திருந்தபடி, விசிறிக்கொள்வதற்காக எடுத்த சுளகை முகத்துக்கு மேலே சற்றுநேரம் அசையாமல் பிடித்திருந்தேன். முகம் உடனே குளிர்ந்தது. சுளகை விலக்கியதும் அனல் திரும்பவும் அடித்தது. அறையின் காற்று அப்படியேதான் இருந்தது. அப்படியென்றால் சூடேறிய சீற், அடுப்புத் தணலைப் போல, இடையிலுள்ள காற்றைத் தாண்டி நேராக என்மீது வெப்பத்தை வீசிக்கொண்டிருந்தது. அண்ணா சொன்னது அப்போதுதான் விளங்கியது.

அதற்கு முந்திய ஆண்டே நான் செய்திருந்த பிழை இரண்டாவது மின்விசிறி வாங்கியது. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. வியர்வையை உலர்த்தி ஆளைத்தான் குளிர்விக்கிறது, அத்தோடு முகட்டில் தேங்கிய சூட்டையும் கீழே இறக்கிவிடுகிறது. 75 உவாட் விசிறி நாளொன்றுக்கு 10 மணி நேரம் சுழன்றால் மாதத்துக்கு 22 யூனிற்றுக்கு மேல் போகும். 52 யூனிற்றில் நின்ற எங்கள் பாவனை 74 ஆனது. மாதம் 60 யூனிற்றைத் தாண்டும் வீடுகளுக்கு, மேலதிகமான யூனிற்றுகள் மட்டுமல்லாமல் முதல் 60 யூனிற்றும் கூடிய விலையில்தான் கணக்கிடப்படுகிறது என்பதையும், நிலையான கட்டணமும் ஏறுகிறது என்பதையும், மின்கட்டணத் துண்டைக் கையில் வாங்கியபோதுதான் கவனித்தேன். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறிய கட்டணங்களை மறக்காத எவருக்கும் இந்த 60 ஒரு வேலிதான்.

ஆகவே இம்முறை காசைக் கூரைக்குக் கீழே போட்டேன். வளைகளுக்கு அடியில், சீற்றிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு, அலுமினியத் தாளை இழுத்துக் கட்டினோம். முதலில் வேலைக்கு வந்தவர் தாளைச் சீற்றோடு ஒட்டவே பார்த்தார்; அப்படி ஒட்டினால் சூடு தொட்டுக் கடந்து வந்துவிடும், இடையில் காற்று இருந்தால்தான் தாளின் மினுக்கம் வேலை செய்யும். மினுங்கும் பக்கம் கீழே பார்த்திருப்பது நல்லது. மேலே பார்த்தால் எங்கள் செம்மண் புழுதி ஓரிரு வருடத்திலேயே அதை மங்கச்செய்துவிடும். முகட்டின் இரு முனைகளிலும் துளையுள்ள சீமெந்துக் கற்களை வைத்து, சோளகக் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் சூட்டை இழுத்துக்கொண்டு போக வழிவிட்டோம்.

சீற்றின் மேல் வெள்ளை பூசுவதும் நல்ல வழிதான். வெறும் சுண்ணாம்பு மாரி மழையோடு போய்விடும் என்பதால் கூரைக்கான வெள்ளைப் பூச்சு வேண்டும். ஆனால் பூசுவதற்காக அஸ்பெஸ்டஸைக் காய்ந்தபடி கம்பித் தூரிகையால் சுரண்டக்கூடாது. அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் வெளியே வராது. அந்தப் பயத்தில் நான் மேலே கைவைக்கவில்லை.

கூரைக்கு அடுத்தபடியாகத் தொல்லை தந்தது மேற்குச் சுவர். பின்னேர வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் படுக்கப்போகும் நேரத்தில்தான் அந்தச் சீமெந்துக்கல் அதைக் கக்கும். அங்கே ஒரு பத்தி இறக்கிக் கிடுகு வேய்ந்திருக்கிறேன். பக்கத்தில் பந்தலிட்டுப் பாகல் படரவிட்டிருக்கிறேன். இரவில் யன்னல்களைத் திறந்துவைக்க நுளம்புவலை அடித்தாயிற்று.

இப்போது இரண்டாவது விசிறியை மதியத்தில் மட்டும், அதுவும் அம்மா படுக்கும் நேரத்தில்தான் போடுகிறோம். கடந்த மாதத் துண்டில் 58 யூனிற் இருந்தது. வேலியோரம் நட்ட பூவரசங்கதியால் துளிர்த்திருக்கிறது. அதன் நிழல் மேற்குச் சுவரைத் தொடும்வரை கிடுகை வருடாவருடம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.