தட்டைக்குத் தொட்டுக்கொள்ள ஒரு சீஸ் டிப்

போன மாதம் படம் பார்க்கப் போன இடத்தில், இடைவேளையில் மகள் நாச்சோஸ் கேட்டாள். அட்டைத் தட்டு நிறைய சிப்ஸ், மூலையில் ஒரு குழி, அந்தக் குழியில் மூன்று ஸ்பூன் மஞ்சள் குழம்பு. பத்தாவது சிப்ஸுக்கே குழம்பு காலி. மீதியை வெறும் வாயில் மென்றுகொண்டே இரண்டாம் பாதியைப் பார்த்தோம். இன்னொரு கப் டிப் வேண்டுமென்றால் தனிக் காசு, அதுவும் கிட்டத்தட்ட டிக்கெட்டில் பாதி. சரி, சீஸை உருக்குவதில் என்ன பெரிய வித்தை, வீட்டிலேயே கிண்டிவிடலாம் என்று கிளம்பினேன்.

வித்தை இருக்கத்தான் செய்கிறது. முதல் தடவை பீட்சாவுக்கு வாங்கி மிச்சமிருந்த மொசரெல்லாவைப் பாலில் போட்டுக் காய்ச்சினேன். பால் தனி, சீஸ் தனி. கரண்டியைத் தூக்கினால் ஒரு முழத்துக்கு சூயிங்கம் மாதிரி இழுபட்டு வந்தது. இரண்டாம் தடவை விலை கூடிய செடார் கட்டி வாங்கி, மைதா எல்லாம் வறுத்து ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் சீஸைப் போட்ட பிறகும் தீயைக் குறைக்காமல் தளதளவென்று கொதிக்கவிட்டுவிட்டேன். மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் மணல் மணலாக ஏதோ கிடக்கிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, திரிஞ்ச மோர்க்குழம்பு மாதிரி இருக்கு? மோரை ஊத்தினப்புறம் யாராவது கொதிக்க விடுவாங்களா, நுரை கட்டினதும் இறக்கிட வேண்டாமா?" என்றாள்.

அம்மா சீஸ் டிப் செய்ததே கிடையாது. ஆனால் விஷயம் முழுக்க அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. சீஸ் என்பது பால் புரதம் வலை மாதிரிக் கட்டி, அதற்குள் கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கிற சமாச்சாரம். சூடு மிஞ்சினால் வலை இறுகும், உள்ளே இருக்கிற கொழுப்பு பிழிந்துகொண்டு வெளியே வரும். அதனால் சீஸ் சேர்க்கும்போது அடுப்பு அணைந்திருக்க வேண்டும், பாத்திரத்தின் சூட்டிலேயே அது கரைய வேண்டும்.

அடுத்தது எந்த சீஸ் என்பது. சீஸ் ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: டிப்புக்கு நம் அமுல் க்யூப்தான் சரி. அது ப்ராசஸ்டு சீஸ். அதில் சோடியம் சிட்ரேட் என்ற உப்பு சேர்ந்திருக்கிறது, சில அட்டைகளில் 331 என்று வெறும் எண்ணாகப் போட்டிருப்பார்கள். புரத வலையை இறுக்கிக் கட்டி வைத்திருப்பது கால்சியம்; இந்த உப்பு அந்தக் கால்சியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது, வலை தளர்கிறது, சீஸ் பிரியாமல் கூழாக உருகுகிறது. 1911-இல் ஸ்விட்சர்லாந்தில் தூன் என்ற ஊரில் இரண்டு பேர் கண்டுபிடித்த உத்தி இது. தியேட்டர் குழம்புக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 1943-இல் மெக்சிகோ எல்லையோரம் இக்னாசியோ அனயா முதன்முதலில் நாச்சோஸ் செய்தபோது அதில் குழம்பே இல்லை, துருவிய சீஸை மேலே தூவி உருக்கியதுதான். ஊற்றுகிற சீஸ் சாஸோடு அதை மைதானத்தில் விற்க ஆரம்பித்தது 1976-இல், டெக்சாஸில் ஒரு பேஸ்பால் ஸ்டேடியத்தில். வரிசையில் நிற்கிறவர்களுக்குச் சட்டென்று கொடுத்து அனுப்ப வேண்டுமே.

பன்னீரில் செய்யலாமா என்று தங்கை கேட்டாள். பன்னீர் உருகவே உருகாது. உருகினால் டிக்கா என்ற ஒன்றே இருந்திருக்காது.

இப்போது நான் செய்கிற விதம். க்யூப் ஐந்து, அதாவது 125 கிராம், முதலிலேயே துருவி வைத்துவிடுங்கள். அடுப்பு பக்கம் நின்றுகொண்டு பிரிக்க ஆரம்பித்தால் அந்த வெள்ளித்தாளோடு மல்லுக்கட்டுவதற்குள் பால் அடிபிடித்துவிடும். பச்சை பாக்கெட் ஆவின் பால் 200 மில்லி போதும், ஆனால் காய்ச்சி ஆறிய பால் என்றால் ஆடையை எடுத்துவிட்டு வடிகட்டிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரு தடவை மைதாதான் கட்டி தட்டிவிட்டது என்று நினைத்து ஒரு பாத்திரத்தையே கொட்டினேன், பார்த்தால் எல்லாம் ஆடைத் துணுக்கு.

அடி கனமான பாத்திரத்தில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், உருகியதும் நசுக்கிய பூண்டு ஒரு பல், அது சிவக்கும் முன்பே ஒரு மேசைக்கரண்டி மைதா. சிம்மில் ஒரு நிமிடம் வறுத்தால் பச்சை மாவு வாடை போய் பிஸ்கட் வாசனை வரும், நிறம் மாறக் கூடாது. இனி பால். முதலில் கால் டம்ளர்தான். ஊற்றியதும் பசை மாதிரி இறுகி, எல்லாம் போச்சு என்று தோன்றும், போகவில்லை, விஸ்க்கால் அடித்துக்கொண்டே மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் கெட்டியாகும். கரண்டியின் பின்பக்கம் படிந்ததில் விரலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள், கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் அதுதான் பதம். அடுப்பை அணைத்து அரை நிமிடம் விட்டு, சீஸை மூன்று கைப்பிடியாகப் போடுங்கள், ஒன்று கரைந்த பிறகு அடுத்தது. பொடித்த மிளகு, சில்லி ஃப்ளேக்ஸ், அவ்வளவுதான். உப்பு போடவே போடாதீர்கள், சீஸில் இருப்பதே தாராளம்.

இறக்கும்போது கொஞ்சம் தண்ணியாகத்தான் தெரியும், ஆற ஆற இறுகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் களி மாதிரி இருக்கும். இரண்டு ஸ்பூன் பால் விட்டு சிம்மில் கிளறினால் திரும்ப வந்துவிடும்.

நாச்சோஸ் வாங்கவில்லை, வீட்டில் தட்டை இருந்தது. உண்மையாகவே அதுதான் பொருத்தம், சிப்ஸ் மாதிரி டிப்புக்குள் உடைந்து மூழ்குவதில்லை, நடுவில் கடலைப்பருப்பு வேறு கடிபடுகிறது. அம்மா ஒன்றை உடைத்துத் தொட்டுத் தின்றுவிட்டு, பூண்டுக்குப் பதில் பெருங்காயம் போட்டிருக்கலாமே என்றாள். நேற்று வெண்ணெயில் ஒரு சிட்டிகை போட்டேன். இனி பூண்டு உரிக்கிற வேலை இல்லை.