கதை கேட்டுச் சுருட்டிய சுருட்டு

எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. ஆனாலும் மேஜையில் ஒரு மாண்டேகிறிஸ்டோ சுருட்டுப் பெட்டி இருக்கிறது, காலிப் பெட்டிதான், நண்பர் ஒருவர் கொடுத்தது. இப்போது அதில் பேனாக்களும் எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவிகளும் கிடக்கின்றன. திறந்தால் இன்னும் புகையிலை வாசம் லேசாக வரும். மேலே ஆறு வாட்கள் முக்கோணமாகப் பின்னி நிற்க, நடுவில் ஒரு லில்லிப் பூ. சுருட்டுக்கு எதற்கு வாள் என்று தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது.

கியூபாவின் தலைநகர் ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் வாசிப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு, 'லெக்டோர்' என்பார்கள். 1865-இல் தொடங்கிய வழக்கம். உயரமான மேடையில் உட்கார்ந்து காலையில் செய்தித்தாள், அப்புறம் நாவல் என்று அவர் உரக்க வாசிக்க, கீழே வரிசை வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் கை இலையைச் சுருட்டும், காது கதையில் இருக்கும். அந்தக் காலத்தில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள், அதனால் எதை வாசிப்பது என்பதும் அவர்கள் இஷ்டம். வாசிப்பு பிடித்துவிட்டால் இலை வெட்டும் பிறைவடிவக் கத்தியால் பலகையில் டக் டக்கென்று தட்டுவார்கள், அதுதான் அங்கே கைதட்டல்!

அப்படி அவர்கள் அலுக்காமல் கேட்டது பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் பழிவாங்கும் சாகச நாவல் 'மாண்டேகிறிஸ்டோ பிரபு'. 1935-இல் அலோன்சோ மெனெண்டெஸ் புதுச் சுருட்டு கொண்டுவந்தபோது அந்தப் பெயரையே வைத்துவிட்டார். வாள் வந்த வழியும் அதுதான்.

பெயரில் இவ்வளவு கதை, முதலில் வந்த சுருட்டுகளுக்கோ வெறும் எண்கள், ஒன்று முதல் ஐந்து வரை. நான்காம் எண்தான் பிரபலம்: 129 மில்லிமீட்டர் நீளம், விரல் கனம். கியூபாவின் மேற்குக் கோடியில் உள்ள வுவெல்தா அபாஹோ பகுதி இலை. காரம் நடுத்தரத்துக்குச் சற்று மேலே என்கிறார்கள் பிடிப்பவர்கள்.

புரட்சிக்குப் பிறகு 1960-இல் தொழிற்சாலைகள் அரசுடைமை ஆயின, மெனெண்டெஸ் குடும்பம் நாட்டை விட்டுப் போனது. 1962-இல் அமெரிக்கா கியூபச் சரக்குகளுக்குத் தடை போட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்று அமெரிக்கக் கடைகளிலும் மாண்டேகிறிஸ்டோ கிடைக்கிறது, டொமினிக்கன் குடியரசில் செய்தது, வேறு கம்பெனி.

இதைப் படித்ததும் முதல் வேலையாகப் பேனாக்களைக் கொட்டிவிட்டு என் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சூடு போட்ட முத்திரை: 'எச்சோ என் கூபா', கியூபாவில் செய்தது. சரி, அசல்தான்.