கறுப்பு வேட்டிகளும் ஐஆர் என்டியும்

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உச்சி வெயிலில் படப்பிடிப்பு என்றால், உதவி ஒளிப்பதிவாளர்களாகிய எங்களுக்கு முதல் கணக்கே ஒளியை எவ்வளவு குறைப்பது என்பதுதான். இன்றைய சினிமா கேமராக்கள் பலவற்றின் அடிப்படை வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஐஎஸ்ஓ 800. நொடிக்கு 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் (ஃபிரேம் நேரத்தில் பாதி மட்டும் திறந்திருப்பது) என்று வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 1/48 நொடி ஒளி கிடைக்கிறது. நல்ல வெயிலில் இதற்குப் பொருந்தும் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 64; எண் கூடக்கூடத் திறப்பு சிறுக்கும். எங்கள் சினிமா லென்ஸ்களில் அப்படியொரு எண்ணே கிடையாது. முகம் மட்டும் தெளிவாக இருந்து பின்னணி மங்க வேண்டும், எஃப் 4 வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் சொன்னால் எட்டு ஸ்டாப், அதாவது ஒளியை எட்டு முறை பாதி பாதியாக, குறைத்தாக வேண்டும். அதற்குத்தான் நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் என்டி (நியூட்ரல் டென்சிட்டி) கண்ணாடி. ஒரு ஸ்டாப்புக்கு 0.3 என்ற கணக்கில் அது என்டி 2.4, அதாவது வருகிற ஒளியில் 256-ல் ஒரு பங்கு மட்டுமே உள்ளே போகும். ஷட்டரைக் குறுக்கிச் சமாளிக்கலாமே என்று கேட்கும் தயாரிப்பு நிர்வாகிகள் உண்டு. குறுக்கினால் கரைப் பாறைகளில் மோதும் அலை வழுக்கி இறங்காமல் வெட்டி வெட்டி விழும். அதைத் திரையில் ஒருமுறை பார்த்தவர் மறுமுறை கேட்கமாட்டார்.

இவ்வளவு கனமான கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் வைக்கும்போதுதான் அகச்சிவப்புத் தொல்லை தொடங்குகிறது. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியையே காண்கிறது. கேமராவின் சிலிக்கான் சென்சாரோ 1100 நானோமீட்டரை நெருங்கும்வரை உணரக்கூடியது. ஆகையால் கேமரா செய்பவர்கள் சென்சாருக்கு முன்பாகவே அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடியைப் பொருத்துகிறார்கள். அது முழுத் தடுப்பு அன்று. சிறு கசிவு இருக்கத்தான் செய்யும், சாதாரண நிலையில் அது கண்ணில் படாது. ஆனால் சாயம் கலந்து செய்யப்பட்ட பழைய வகை என்டி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை 256-ல் ஒரு பங்காக்கிவிட்டு, அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறது. அந்தச் சிறு கசிவின் விகிதம் அப்போது இருநூறு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. குற்றம் கேமராவினுடையது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கேமராவும் கண்ணாடியும் பொருந்தாமையின் குற்றம்.

ஃபிலிம் காலத்தில் இந்தக் கவலை இருக்கவில்லை. வண்ண ஃபிலிமின் சிவப்பு அடுக்கு 700 நானோமீட்டர் அளவிலேயே உணர்வை இழந்துவிடும். மேலும் பகலுக்கென்றே 50 வேகத்தில் ஃபிலிம் கிடைத்ததால் இவ்வளவு கனமான என்டி தேவைப்படவும் இல்லை. 2007-இல் ரெட் ஒன், 2010-இல் ஆரி அலெக்சா என்று டிஜிட்டல் கேமராக்கள் வந்த பிறகே, பெட்டியில் இருந்த பழைய கண்ணாடிகளை எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில், மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் கூட்டமாகக் கடலில் குளித்துவிட்டு வரும் காட்சியை எடுத்தோம். அகச்சிவப்பையும் சேர்த்துக் குறைக்கும் ஐஆர் என்டி என்று எழுதிக் கொடுத்திருந்தும், வாடகைக்கு வந்த பெட்டியில் சாதாரண என்டிகளே இருந்தன. 2.4 அளவுக்கு அவற்றை அடுக்கியதும் மானிட்டரில் கறுப்பு வேட்டிகள் மூன்று நான்கு விதமாகப் பிரிந்தன: சில கறுப்பு, சில காப்பிப்பொடி நிறம், சில கத்தரிப்பூ கலந்த பழுப்பு. உடையலங்காரம் பார்த்த அண்ணன் மானிட்டரைப் பார்த்துவிட்டு, “தம்பி, எல்லாம் ஒரே கடையில ஒரே நாள்ல எடுத்த வேட்டி, ஒண்ணுகூட சாயம் போகலை” என்றார். அவர் சொன்னது உண்மைதான். கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சாயங்கள் எல்லாம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. பாலியெஸ்டர், நைலான் கலந்த துணிகளில் இது கூடுதலாகத் தெரியும் என்றாலும், நெசவைவிடச் சாயமே முக்கியம் என்பதால் தொட்டுப் பார்த்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

டிஐயில், அதாவது படப்பிடிப்புக்குப் பிந்தைய நிறத்திருத்தத்தில், சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்வது எளிது. முழுப் படத்திலும் ஒரே சாயல் ஏறியிருந்தால் கலரிஸ்ட் ஒரு நொடியில் எடுத்துவிடுவார். அகச்சிவப்போ பொருளுக்குப் பொருள் வேறுபட்டு ஏறுகிறது. பழுப்பாகிவிட்ட வேட்டியின் நிறமும் ஈரமான தோலின் நிழற்பகுதியும் அருகருகே வந்துவிடுவதால், ஒன்றைத் தொட்டால் மற்றது கெடும். அன்று ஒளிப்பதிவாளர் அப்பெர்ச்சரை எஃப் 11-க்கு மூடினார், தேவை 1.5 ஆகக் குறைந்ததால் கசிவின் விகிதமும் எட்டில் ஒரு பங்காயிற்று. அதன் பிறகும் பழுப்பாகத் தெரிந்த வேட்டிக்காரர்களை மானிட்டரைப் பார்த்தே பொறுக்கி, உடை அண்ணன் பின்வரிசைக்கு அனுப்பினார். பின்னணி மங்கிய அழகு போயிற்று, ஆனால் காட்சி தப்பியது.

துணியோடு இது முடிவதில்லை. பச்சை இலை, தன்மேல் விழும் அண்மை அகச்சிவப்பில் பாதிக்கு நெருங்கிய பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டின் அடர்பச்சை, பொருந்தாத கண்ணாடியில் வாடிய மஞ்சள் கலந்து தெரிவதற்குக் காரணம் அதுவே. வேட்டி பழுத்தால் எவரும் கவனிப்பார்கள். காடு பழுத்தால் வெயிலின் தன்மை என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள், ஆகவே இது துணியைவிட ஆபத்தானது.

ஐஆர் என்டி என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே வேலையைச் செய்வனவும் அல்ல. ஒருவகை, அகச்சிவப்பைத் தனியாக வெட்டும் பூச்சோ சாயமோ கொண்டது. அதன் வெட்டு எந்த அலைநீளத்தில் தொடங்குகிறது என்பதும் கேமராவின் சொந்தத் தடுப்பு எங்கே தொடங்குகிறது என்பதும் பொருந்தினால்தான் பயன். பொருந்தாவிட்டால் கத்தரிப்பூச் சாயலுக்குப் பதிலாகப் பச்சைச் சாயல் வந்து சேரும். பூச்சால் தடுக்கும் கண்ணாடிகளில், அகல லென்ஸ் போட்டால் ஓரங்களில் ஒளி சாய்ந்து விழுவதால் மூலைகள் மட்டும் நிறம் மாறுவதும் உண்டு. மற்றொரு வகை, உலோகப் பூச்சினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பது. எனக்கு இதுவே பிடிக்கும். விகிதம் மாறாததால் எஞ்சிய வேலையைக் கேமராவின் உள்தடுப்பே பார்த்துக்கொள்ளும். அதன் குறை, கண்ணாடிபோல் பளபளக்கும் முகம். இரண்டை அடுக்கினால் நடுவே ஒளி பட்டுத் திரும்பி, விளக்குகளின் பேயுருவங்கள் தோன்றும். லென்ஸுக்கு முன்னால் கண்ணாடிகளைப் பிடித்திருக்கும் மேட் பாக்ஸில் ஒரு தட்டைச் சற்றுச் சாய்த்து அதைத் தவிர்க்கிறோம். 0.6, 1.2, 2.1 என்று உள்ளேயே என்டி வைத்து வந்த அலெக்சா மினியும், எட்டுப் படிகளோடு வந்த சோனி வெனிஸும் ஆகிய கேமராக்கள் எங்கள் சுமையில் பாதியைக் குறைத்தன என்பேன். திருகினால் இருளும் வேரியபிள் என்டியை மட்டும் நான் இன்னும் நம்புவதில்லை: அது இரண்டு போலரைசர்களால் ஆனது, சாதாரண போலரைசர்கள் அகச்சிவப்பில் வேலை செய்வதில்லை, ஆகவே எவ்வளவு திருகினாலும் அது உள்ளே வந்துகொண்டே இருக்கும்.

சென்னையில் கேமராவைச் சோதித்து வாங்கும் நாளில் பார்க்க வேண்டியது இதுதான் என்றாலும், சோதனை அறைகளில் இப்போது பெரும்பாலும் எல்இடி விளக்குகளே உள்ளன. வெள்ளை எல்இடியில் அகச்சிவப்பு அநேகமாக இல்லாததால், எவ்வளவு மோசமான கண்ணாடியும் அங்கே தேறிவிடும். நான் அகச்சிவப்பு மிகுந்த ஒரு ஹாலஜன் விளக்கையும், ஐயப்ப வேட்டி, வக்கீல் கோட்டு, குடைத்துணி, பர்தா துணி என்று கறுப்புத் துண்டுகள் ஒட்டிய ஓர் அட்டையையும் கொண்டுபோகிறேன். முதலில் என்டி இல்லாமல், பிறகு ஒவ்வொரு கண்ணாடியாக, அப்பெர்ச்சரைத் திறந்து அதே வெளிச்ச அளவில் பதிவுசெய்து, எந்தக் கேமராவோடு எந்தப் பெட்டி என்று எழுதிவைக்கிறேன். இரண்டு கேமரா வைக்கும் படப்பிடிப்பில் ஒரே நிறுவனத்தின் ஒரே வகைத் தொகுப்பு இரண்டாகக் கிடைக்கவேண்டும். கிடைக்காத நாளில், இரண்டாவது கேமராவுக்கு லேசான என்டி போதும்படி நிழலான கோணத்தை ஒதுக்கும்படி ஒளிப்பதிவாளரிடம் முந்தின இரவே சொல்லிவிடுகிறேன்.