ஈரம் இறங்கும்வரை

பிப்ரவரி 3

சமையலறைத் தரையின் பழைய ஓடுகளைப் பெயர்த்தாயிற்று. கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த நான்கைந்து ஓடுகள் உளி படுவதற்கு முன்பே கையோடு வந்துவிட்டன; அவற்றுக்கு அடியில் இருந்த சிமெண்ட் ஈரம் கோத்துக் கறுத்துப்போய், விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. எத்தனை ஆண்டுகளாகக் குழாய் உள்ளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருந்ததோ தெரியவில்லை. அலமாரியின் பின்பலகையை இழுத்தபோது சுவர் முழுவதும் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. தச்சர் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 4

குழாய் வேலைக்காரர் வருவதாகச் சொன்னார், வரவில்லை.

பிப்ரவரி 5

இன்று வந்தார். குழாயை மாற்றி, மக்கிய சிமெண்டைக் கொத்தி எடுத்து, அந்த இடத்தை 25 மில்லிமீட்டர் கனத்துக்குப் புதுக் காங்கிரீட்டால் நிரப்பியாயிற்று. ஒரு வாரத்தில் மூங்கில் பலகை பரப்பிவிடலாம் என்று கொத்தனார் உறுதியாகச் சொல்கிறார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது தரை போடுபவர்களிடையே வழங்கும் கணக்கு. காங்கிரீட் இறுகுவது வேறு, காய்வது வேறு என்று நான் சொன்னதற்கு, எத்தனையோ வீடுகளுக்குத் தரை போட்ட கை இது தம்பி என்று அவர் கையை விரித்துக் காட்டினார். அந்தக் கையை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனாலும் நாட்காட்டியில் மார்ச் 5 என்ற தேதியைச் சுற்றி வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 6

தரைக்கு ஏன் மூங்கில் என்று இன்றும் ஒருவர் கேட்டார். கேட்பவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

வெளியே வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் மரபியலில் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புற்குடும்பத்தில்தான் சேர்க்கிறது. புல் என்பதால்தான் வெட்டிய பிறகும் அது சாவதில்லை. மண்ணுக்கடியில் ஓடும் கிழங்கிலிருந்து அடுத்த பருவத்தில் புதிய முளை கிளம்பிவிடுகிறது. ஒரு பெருமரம் பலகைக்குத் தேறுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்போது, மூங்கில் கழி ஐந்தாறு ஆண்டுகளில் முற்றிவிடுகிறது. உயரம் சில மாதங்களிலேயே வந்துவிடும் என்றாலும் உறுதி ஏறுவதற்கு அந்த ஆண்டுகள் வேண்டும். அவசரப்பட்டு இளங்கழியை வெட்டிச் செய்த பலகை, பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தாலும், நாற்காலிக் கால் பட்ட இடமெல்லாம் குழிந்துவிடும்.

அதே புறக்காழ்தான், அந்த வெளிவைரம்தான், இதைப் பலகையாக்குபவர்களுக்குத் தொல்லையும் ஆகிறது. உள்ளே கூடாக இருக்கும் கழியிலிருந்து அகலமான பலகை எதையும் அறுத்தெடுக்க முடியாது. பட்டைகளாகப் பிளந்து, வெளித்தோலையும் உட்புற மென்சதையையும் சீவி, வண்டு துளைக்காமலிருக்க உள்ளிருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொதிநீரில் வேகவைத்து எடுத்து, அதன் பிறகே ஒட்டுகிறார்கள். பட்டைகளைப் படுக்கவைத்து ஒட்டினால் கணுக்கள் தெரியும்; நிமிர்த்தி ஒட்டினால் மெல்லிய கோடுகள் தெரியும். மூன்றாவது வகையில் பட்டைகளை இழை இழையாக நசுக்கிப் பிசினில் தோய்த்துப் பேரழுத்தத்தில் கட்டியாக்குகிறார்கள். மரத்தின் கடினத்தை அளக்கும் ஜாங்கா அளவையில் செவ்வோக்கு மரத்தின் கடினம் 1290. முதல் இரண்டு வகைகள் ஏறத்தாழ அதே அளவில் நிற்க, இழை மூங்கில் அதைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. பாத்திரம் விழும் அறை என்பதால் இழை மூங்கிலையே எடுத்தேன். அதிலும் ஆவியில் வேகவைத்துப் பழுப்பாக்கியதை விட்டு இயல்பான வெளிர்நிறத்தை எடுத்தேன், ஏனெனில் அந்தப் பழுப்பு நிறம் பலகையின் உறுதியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

பிசினில் தோய்த்து என்று எழுதிய இடத்தில் பேனா சற்று நின்றது.

பிப்ரவரி 9

உறக்கம் வரவில்லை. பிசினைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பலகைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சான்றிதழ் காட்டைப் பற்றிப் பேசுகிறது: கழி எங்கே வளர்ந்தது, எப்படி வெட்டப்பட்டது, அந்த நிலம் எவ்வாறு பேணப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் என் கவலை காட்டைப் பற்றியது மட்டுமன்று. இழைகளைப் பிணைக்கும் பிசினில் ஃபார்மால்டிஹைடு என்ற வாயு இருக்கிறது, அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சேர்த்துவிட்டது, அக்காவின் மூச்சோ ஊதுபத்திப் புகைக்கே இழுத்துக்கொள்கிறது. காட்டுக்கு நல்லது செய்யும் பலகை வீட்டுக் காற்றுக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பலகைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ1 என்பது சோதனை அறையின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 0.124 மில்லிகிராம் வரை இந்த வாயுவை அனுமதிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் அரை மணி நேரச் சராசரியாக 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. சோதனை அறையும் வீடும் ஒன்றல்ல, இரண்டு எண்களையும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று எனக்கே தெரிகிறது. இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு அவை பக்கத்தில் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன.

ஆறுதல் ஒன்று உண்டு. இழை மூங்கிலுக்குப் பெரும்பாலும் பீனால் கலந்த பிசினையே பயன்படுத்துகிறார்கள். அது ஈரத்துக்கு அசையாமல் நிற்கும், காற்றில் விடுவதும் மிகக் குறைவு. மலிவான அலமாரிப் பலகைகளில் இருப்பது யூரியா கலந்த பசை. அது ஈரம் பட்டால் மெல்ல மெல்ல முறிந்து வாயுவை மீண்டும் காற்றில் விடும். அப்படியானால் இத்தனை ஆண்டுகளும் கசிந்த குழாய்க்கு அடியில் ஊறி உப்பிப்போய் நின்ற எங்கள் பழைய அலமாரி என்ன செய்துகொண்டிருந்தது? அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாள்தோறும் அங்கேதான் அக்கா நின்றாள்.

பிப்ரவரி 11

பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஈரமான சமையலறையில் அடுக்கக் கூடாது என்பதால், கூடத்தில் மரச்சட்டங்களைப் போட்டு அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்கியிருக்கிறோம். வீட்டுக் காற்றுக்குப் பலகை பழக வேண்டும். மற்றப் பலகைகளுக்கு மூன்று நாள் போதும் என்றால் இழை மூங்கில் இறுக்கமானது, மெதுவாகத்தான் ஈரத்தை வாங்கும், மெதுவாகத்தான் விடும், ஆகையால் பத்து நாளுக்குக் குறையாமல் கிடக்கட்டும் என்று உள்ளே இருந்த தாள் சொல்கிறது. சுவரில் ஈரப்பதமானியை மாட்டினேன். 66 சதவீதம் காட்டியது. 40க்கும் 60க்கும் இடையில் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 12

காலையில் 67, மாலையில் 64.

பிப்ரவரி 14

புதுக் காங்கிரீட்டின் மேல் 45 சென்டிமீட்டர் சதுரத்தில் பாலித்தீன் தாளை விரித்து நான்கு ஓரமும் ஒட்டினேன். அடியில் ஈரம் கோத்திருக்கிறதா என்று பதினாறு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். தச்சர் அதைத் தாண்டித் தாண்டிப் போகிறார், கோலத்தைத் தாண்டுவதுபோல.

பிப்ரவரி 15

தாளின் அடிப்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர். அடியில் காங்கிரீட் கருமையாக இருக்கிறது. கொத்தனாரிடம் காட்டினேன், அவர் குனிந்து பார்த்தார், விரலால் தொட்டார், பிறகு ஒரு வாரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

அக்கா தொலைபேசியில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறாள்: “வாசனை போயிற்றா?” இன்னும் எதையும் போடவே இல்லை, வாசனை எங்கிருந்து வரும் என்றேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் சித்தியின் குரலும் அக்காவின் மூச்சுக் கருவியின் இரைச்சலும் கேட்டன.

பிப்ரவரி 19

பழைய அலமாரிகளை என்ன செய்வது என்று தச்சரோடு ஒரு பகல் முழுவதும் வழக்காடினேன். பெட்டிப்பகுதி ஊறிப்போய்விட்டது, அதைத் தூக்கி எறிய வேண்டும் என்பதில் இருவருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. கதவுகள் கெட்டி மரம். அவற்றையும் மாற்றிப் புதிதாக மூங்கில் முகப்பே வைத்துவிட்டால் தரையோடு பொருந்தும், தம்பி, பார்ப்பதற்கு ஒரே கையாக இருக்கும் என்கிறார் அவர். அவர் சொல்வது அழகுக்கு உண்மை. ஆனால் வெட்டாத கழி, ஒட்டாத பசை, ஏற்றாத வண்டி என்று கணக்குப் போட்டால், ஏற்கெனவே சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் கதவைவிடச் சிக்கனமான பலகை உலகத்தில் எங்கும் செய்யப்படுவதில்லை. பழைய வண்ணப்பூச்சைச் சுரண்டி, கீல்களை மட்டும் மாற்றி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்து அவற்றையே மாட்டப்போகிறோம். பெட்டிக்கு ஃபார்மால்டிஹைடு சேர்க்காத பசையில் ஒட்டிய பிளைவுட். தச்சருக்கு இதில் மனம் ஒப்பவில்லை என்பது அவர் சுத்தியலை வைத்த ஓசையில் தெரிந்தது.

பிப்ரவரி 22

சமையல் மேடைக்குப் பழைய கருங்கல்லையே திருப்பிப் போடுகிறோம். செயற்கைக் குவார்ட்ஸ் கல்லை எல்லோரும் புகழ்கிறார்கள். அதில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கக்கூடும், அறுப்பவர்களின் நுரையீரலை அந்தத் தூள் கல்லாக்குகிறது என்பதற்காக ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே யாரோ ஒருவருடைய மூச்சைத் தின்றுவிட்டு வரும் கல் இந்த வீட்டுக்கு வேண்டாம். கருங்கல்லிலும் சிலிக்கா உண்டுதான். தொட்டிக்கான ஓட்டையை மட்டும், வாசலில், தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தோம்.

பிப்ரவரி 25

இரண்டாம் முறை தாளை ஒட்டிப் பார்த்தேன். நீர்முத்துகள் இல்லை. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருந்திட்டு, சரியாகத் தொட்டிக்கு நேரே. தச்சர் காய்ந்துவிட்டது என்கிறார். கொத்தனார் இன்னும் காயவில்லை என்கிறார். இருவரும் இடம் மாறிவிட்டார்கள்.

பிப்ரவரி 27

மழை. 72.

மார்ச் 1

இயற்கை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எண்ணெய் இயற்கையானது, அதனால் தீங்கற்றது என்று அந்த டப்பாவில் எழுதியிருக்கிறது. ஆளிவிதை எண்ணெயில் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காற்றோடு கூடிச் சூடேறி, யாரும் பற்றவைக்காமலே அது எரியத் தொடங்கும். அந்த எச்சரிக்கை டப்பாவின் பின்புறத்தில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. தச்சர் துணிகளைக் குவித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றாக நீரில் முக்கி, விரித்து, வெளியே கொடியில் தொங்கவிட்டேன். அதன் பிறகும் இரவில் இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன்.

மார்ச் 5

வட்டமிட்ட நாள். நேற்று மாலை ஒட்டிய தாளை இன்று காலையில் எடுத்தேன். உலர்ந்திருக்கிறது. கருந்திட்டும் இல்லை. அந்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது, ஆனால் ஈரமில்லை. காங்கிரீட்டிலும் பலகையிலும் ஈரமானியைக் குத்திப் பார்த்த தச்சர், ஒன்றும் சொல்லாமல் ரசமட்டத்தை எடுத்துவரப் போனார்.

மார்ச் 6

அலமாரிகளை முதலில் காங்கிரீட்டின் மேலேயே நிறுத்தி, அவற்றைச் சுற்றித்தான் தரையைப் போட்டோம். பசையில்லாமல் ஒன்றோடொன்று கோத்து மிதக்கவிடும் முறை இது. மேலே அலமாரியின் கனத்தை ஏற்றிவிட்டால் பலகை விரியவும் சுருங்கவும் வழியில்லாமல் எங்காவது முதுகைத் தூக்கும். பசை போட்டு ஒட்டியிருந்தால் காலடியில் கெட்டியாக இருந்திருக்கும்தான், ஆனால் வீட்டுக்குள் இன்னொரு டப்பாவைத் திறக்க என்னால் முடியாது. அடியில் ஈரத்தடுப்புத் தாள், அதன் மேல் தக்கை விரிப்பு, அதன் மேல் பலகை. சுவர்களை ஒட்டி 12 மில்லிமீட்டர் இடைவெளி. பலகைகளை மூன்று நான்கு பெட்டிகளிலிருந்து கலந்து எடுத்துப் போட்டதால் வெளிர்நிற வேறுபாடு எங்கும் திட்டாக நிற்கவில்லை. மாலை வெளிச்சத்தில் கோதுமைத் தாளைப் பரப்பியதுபோல இருந்தது. அங்கேயே செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 7

வாசனை இருக்கிறது.

மார்ச் 8

இருக்கிறது. தச்சருக்குத் தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. எண்ணெயின் வாசனையா, பிளைவுட்டின் வாசனையா, தரையின் வாசனையா என்று பிரித்தறிய ஒவ்வொரு மூலையாக மண்டியிட்டு முகர்ந்து பார்த்தேன். கதவுகளில்தான் கூடுதலாக இருக்கிறது. எண்ணெய் என்றே நம்ப விரும்புகிறேன். முகர்ந்து நான் எதைக் கண்டுபிடித்துவிட முடியும்? வாசனை தெரியாத அளவிலும் அது இருக்கலாம்.

மார்ச் 10

இப்போது பிடிபட்ட சிக்கல் இது. வாசனை போகச் சன்னல்களைத் திறந்தால் வெளியிலிருந்து ஈரக்காற்று வருகிறது. ஈரம் ஏறினால் பலகை விரிகிறது, பிசினிலிருந்து வாயு வெளியேறுவதும் கூடுகிறது. சாத்தினால் பலகைக்கு நல்லது, ஆனால் வெளியேறியது உள்ளேயே சுற்றுகிறது; வெயிலில் அறை சூடாகச் சூடாக இன்னும் வெளியேறுகிறது. ஆகவே ஈரப்பதமானியைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிக்காற்று உலர்ந்திருக்கும் நண்பகல் முதல் நான்கு மணிவரை எல்லாவற்றையும் விரியத் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் சாத்துகிறேன். நான்கு நாளாக இதைத் தவிர வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

மார்ச் 11

61, 57, 59.

மார்ச் 13

வாசற்கட்டையை ஒட்டிய பலகை காலை வைத்தால் முனகுகிறது. ஸ்கர்டிங்கை எடுத்துப் பார்த்தால் மற்ற மூன்று பக்கமும் இடைவெளி அப்படியே இருக்கிறது. கதவு நிலைக்கு அடியில் மட்டும் பலகை முட்டிக்கொண்டு நிற்கிறது. அங்கே விட மறந்தது தச்சர் அல்லர், அந்த வேளையில் பலகையை அளந்து கொடுத்தது நான். அவர் வந்து நிலையின் அடியை வாளால் சன்னமாக அறுத்துவிட்டார். முனகல் நின்றது. மூங்கில்கூட மூச்சுவிட இடம் கேட்கிறது பாருங்கள் தம்பி என்றார். நான் சிரித்தேன், ஆனால் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 15

எண்ணெய் கையில் ஒட்டவில்லை. குனிந்தால்தான் வாசனை தெரிகிறது.

அக்கா பேசினாள். புதன்கிழமை வருகிறாளாம், சித்தி வீட்டில் இனி இருக்க முடியாது என்கிறாள். இன்னும் ஒரு வாரம் பொறு என்றேன். “தரைக்குக் காத்திருக்கிறாயா, எனக்கா?” என்று கேட்டாள். மருத்துவர் என்ன சொன்னார் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை, வாசனை போயிற்றா என்றும் கேட்கவில்லை.

மார்ச் 16

55. நான்கு மணிக்குச் சன்னல்களைச் சாத்திவிட்டேன், கதவையும் சாத்தினேன். இரவு முழுவதும் மூடியே கிடக்கட்டும். காலையில் முதல் ஆளாக உள்ளே போய் ஒரு முறை மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும்.